மூன்று நல்லது, ஒன்று அடிபட்டது

ஸர்கா நகரில் வஜ்தியின் ஏழு வருடப் பழைய கார், 2011 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகை முடிவதற்குள் அடுத்த தலைமுறைக்கு மாறிவிட்டது. தக்காளி அப்போது கிலோ அரை தினார். அவன் பள்ளிவாசலுக்குக் கிளம்பியபோது தெருவில் நின்றது கொரியாவில் செய்த, உருண்டை முகமுள்ள, வெள்ளை நிறச் சிறிய செடான். அந்த மாதிரிக்கு ஊரில் புறா என்று பெயர். திரும்பி வந்தபோது அதே இடத்தில், அதே எண் பலகையோடு, காதுவரை நீண்ட விளக்குகளுடன் அதன் அடுத்த மாதிரி நின்றது. அதற்கு மீன் என்று பெயர். எதிரே ஃபலாஃபல் கடை வைத்திருந்த அபூ நாஜிதான் ஒரே சாட்சி. தொழுகைக்குப் போகாமல் கடையில் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததால் அவர் முதலில் வாய் திறக்கவில்லை. பிறகு, வாணலியில் உருண்டைகளைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்ததாகவும், புறா போய் மீன் நின்றதாகவும் சொன்னார். சத்தம் ஏதும் வரவில்லை. தெருக்காரர்கள் வந்து பார்த்தார்கள். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை. மப்ரூக் என்று வாழ்த்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

வஜ்தி சாப்பிடவில்லை. காரின் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு, முழங்காலிட்டு, இருக்கைகளின் அடியில் கையை விட்டுத் துழாவினான். அவன் மனைவி ருபா வறுத்த தர்பூசணி விதைகளைக் கொறித்தபடியே கார் ஓட்டுவாள். தோலைக் கிண்ணத்தில் போடுவதாகத்தான் சொல்வாள். அவள் இறந்து பத்தொன்பது மாதங்களாகியும், இருக்கை நகரும் தண்டவாளத்தின் இடுக்கில் வாரத்துக்கு ஒரு தோலாவது அகப்பட்டுக்கொண்டிருந்தது. புதிய காரில் ஒன்றுகூட இல்லை.

அந்தக் காரை அவர்கள் கல்யாணமான மாதமே வாங்கினார்கள். ஊருக்குக் கிழக்கே, மதில் சூழ்ந்த மணல்வெளியில், வரியில்லா வளாகம் இருக்கிறது. கப்பலில் வரும் பழைய கார்கள் அங்கே ஆயிரக்கணக்கில் நிற்கும். ஸர்காவில் ஒரு காரைப் பற்றி விசாரிப்பவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பதில்லை. அதன் அடிச்சட்டமான சேஸிஸைத்தான் கேட்பார்கள். முன்னால் இரண்டு முனை, பின்னால் இரண்டு முனை. ஒவ்வொன்றும் ஒன்று நல்லது, இல்லையென்றால் அடிபட்டது. நான்கும் நல்லது என்று சோதனைச் சீட்டு வந்தால் விலை ஏறும். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள்கூட, பையன் நான்கும் நல்லதா என்றுதான் தரகரிடம் கேட்பார்கள்.

சீட்டு எழுதியவர் அபூ ஸக்ர். இருபது வருடமாகக் கார்களுக்கு அடியில் படுத்தவர். டார்ச் விளக்கும் இரண்டு விரல்களும்தான் அவருடைய கருவிகள். முனையில் இரண்டு தட்டு, ஒரு தடவல், அவ்வளவுதான். அன்றைக்கு அவர் புறாவின் அடியில் அரை மணி நேரம் கிடந்தார். கணக்கு டீச்சரான ருபாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

“என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப என் மாமியார்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கலையே மாமா.”

“மாமியாருக்கு அடியில படுத்துப் பார்க்க வசதி கிடையாதே மகளே,” என்றார் அபூ ஸக்ர், காருக்கு அடியிலிருந்து. “இருந்திருந்தா விட்டிருப்பாங்களா?”

நான்கும் நல்லது என்று எழுதிக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் ருபா காரைப் பின்னால் எடுக்கும்போது அபூ நாஜி கடை முன்னால் இருந்த மின்கம்பத்தின் சிமென்ட் மேடையில் மோதினாள். ஃபலாஃபல் தட்டு ஒன்று விழுந்தது. அவள் இறங்கி, கம்பத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“இது நேத்து இங்க இல்ல.”

“டீச்சர், நான் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து அது இங்கதான் நிக்குது,” என்றார் அபூ நாஜி.

வலது பின் முனை அடிபட்டது என்று அபூ ஸக்ர் புதிய சீட்டு எழுதினார். வஜ்தி இரண்டு நாள் ருபாவோடு பேசவில்லை. அவள் தட்டு வைத்தாள், அவன் சாப்பிட்டான், எழுந்து போனான். மூன்றாம் நாள் காலை அவள் தேநீர் கோப்பையை அவன் முன்னால் வைத்து, “நான் நாலும் நல்லதுன்னு நம்பித்தானே கட்டிக்கிட்டே? சொல்லு, திருப்பிக் கொடுத்துடலாம்,” என்றாள். அவன் சிரித்துவிட்டான். அடுத்த வருடம் பிப்ரவரி கடைசி ஞாயிறன்று, மூன்றாம் பாடவேளைக்கும் நான்காம் பாடவேளைக்கும் நடுவில், மூளைக்குள் ஒரு நரம்பு வெடித்து வகுப்பு வாசலிலேயே இறந்துபோனாள். வயது இருபத்தேழு. கல்யாணமாகி நானூற்று முப்பது நாட்கள். வஜ்தி எப்போது எண்ணினாலும் நானூற்று இருபத்தெட்டுதான் வரும்.

கார் மாறிய பிறகு அதன் வாகன உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அலுவலர் காகிதத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார், இரண்டும் ஒன்றல்ல என்றார். வேறு கார் என்றால் பறிமுதல். அதே கார் என்றால் சோதனைச் சீட்டு வேண்டும். வஜ்தி அபூ ஸக்ரிடம் போனான். அவர் மீனின் அடியில் ஒரு மணி நேரம் கிடந்தார். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தது, திருகுகளில் சாவி பட்ட தடமே இல்லை, சேஸிஸ் எண் பழையது. கடைசியாக வலது பின் முனையில் இரண்டு முறை தட்டினார். மறுபடி தட்டினார்.

“அடிபட்டிருக்கு.”

“அதேவா?”

“அதேதான். கம்பத்து அளவு. இதைச் செஞ்சது நம்ம டீச்சரேதான், சந்தேகமே வேண்டாம்.”

மூன்று நல்லது, ஒன்று அடிபட்டது என்ற சீட்டைப் பார்த்து அலுவலர் திருப்தியடைந்தார். 2004ஆம் வருட மாதிரி, தோற்றம் புதிது என்று பதிவேட்டில் எழுதி முத்திரை குத்தினார். வஜ்தி வண்டிக்குள் வந்து உட்கார்ந்து, அவள் இறந்த நாளிலிருந்து வராத அழுகையை எதிர்பார்த்துச் சற்று நேரம் காத்திருந்தான். அன்றைக்கும் வரவில்லை. ஆனால் அவள் செய்தது ஒன்று உலகத்தில் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதை வைத்து ஐந்து வருடம் ஓட்டினான்.

மீன் நல்ல கார் என்பதை அவன் மறுக்கவில்லை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன், எதையும் அளந்து சொல்வான். இருபது லிட்டர் பெட்ரோல் தகரம் ஒன்றுக்குப் புறா இருநூற்று அறுபது கிலோமீட்டர் போகும், மீன் முந்நூறு. மீனின் டிக்கியில் கூடுதலாக இரண்டு பெட்டிகள் வைக்கலாம். அம்மான் நகருக்குப் போகும் மேட்டில் ஏசியை அணைக்காமல் ஏறும். ஆனால் முன்கண்ணாடி ஓரத்துத் தூண் தடித்துவிட்டதால் திருப்பத்தில் நிற்கிற ஆள் தெரியாது. ஸ்டியரிங் பஞ்சுபோல் இருக்கும், சக்கரம் எதன் மேல் ஏறுகிறது என்று கைக்குச் சொல்லாது. ருபா இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, இனி வரப்போகும் மாதிரி என்று செய்தித்தாளில் இதன் படம் வந்திருந்தது. அவள் பார்த்துவிட்டு, “இதென்ன, உன் பெரியம்மா கோபமா இருக்கிற மாதிரி இருக்கு,” என்றாள்.

சனிக்கிழமைகளில் வஜ்தி வரியில்லா வளாகத்துக்குப் போனான். வரிசை வரிசையாகப் பழைய புறாக்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்தான். ருபா குள்ளம். அவள் உயரத்துக்கு இருக்கையை முன்னால் இழுத்து, முழங்கால் ஸ்டியரிங்கில் முட்ட, கண்ணாடியை அவள் வைப்பதுபோலத் தாழ்த்தி வைத்து, பின்னால் பார்ப்பான். இறங்கும்போது எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடுவான். விற்பவர்களுக்கு அவன் முகம் பழகிவிட்டது.

“அண்ணே, ரெண்டு வருஷமா வர்றீங்க,” என்றான் ஒருவன். “வண்டி வாங்குறீங்களா, இல்ல இங்கயே வீடு கட்டப் போறீங்களா?”

“இதுல வலது பின் எப்படி?”

“நல்லது. நாலும் நல்லதுண்ணே.”

“அப்ப வேண்டாம்.”

வளாகத்தில் அவனைப் பற்றி இது ஒரு வேடிக்கையாகப் பேசப்பட்டது. வருடங்கள் போகப் புறாக்கள் குறைந்தன. எல்லையைத் தாண்டிப் போனவை போக, உதிரி பாகங்களுக்காக அறுக்கப்பட்டவை போக, 2015இல் நான்கு மிஞ்சின. அவனுக்குப் பெண் பார்த்தவர்களும் குறைந்தார்கள். பிள்ளை இல்லாதவனையும் பிறக்கப்போகும் மகனின் பெயரால் கூப்பிடுவது அங்கே வழக்கம். ருபா இருந்தபோது அவனை அபூ சாலிம், அதாவது சாலிமின் அப்பா, என்றார்கள். இப்போதும் அப்படியே கூப்பிட்டார்கள்.

“காரே மாறிடுச்சு அபூ சாலிம்,” என்றார் அபூ நாஜி, ஃபலாஃபலைக் காகிதத்தில் சுற்றியபடி. “நீதான்யா இன்னும் பழைய மாடலாவே நிக்கிற.”

2016 மே மாதம் கார் இரண்டாம் முறை மாறியது. பெட்ரோல் நிலையத்தில் பணம் கொடுக்க இறங்கினான், திரும்பினால் சுறா நின்றது. வாய் அகலமான, நீளமான மாதிரி. தகரத்துக்கு முந்நூற்று முப்பது கிலோமீட்டர். வண்டி ஓடுவதே கேட்காது, கல் பாவிய தெருவில்கூட தேநீர் சிந்தாது. பின்னால் எடுக்கும்போது திரையில் படம் காட்டி, தடை வந்தால் கத்தும். பின்னால் நின்ற டாக்சிக்காரன் மப்ரூக் என்று கத்தி, சீக்கிரம் எடுக்கச் சொன்னான். வஜ்தி நேராகச் சோதனை நிலையத்துக்குத்தான் போனான். அபூ ஸக்ர் வலது பின் முனையில் வெகுநேரம் தேடினார்.

“லேசான அடி,” என்றார்.

“முன்னாடி லேசில்லையே.”

“முன்னாடி விரல் தானா நின்னுது. இப்ப தேடினாத்தான் கிடைக்குது.”

காத்திருந்தவர்களில் ஒருவர், அடுத்த மாதிரி வரும்போது சுத்தமாகச் சரியாகிவிடும், கவலைப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அன்றிலிருந்து வஜ்தி கார்களைப் பற்றிய செய்தி படிப்பதை நிறுத்தினான். கொரியாவில் அந்தத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் என்று யாரோ சொன்ன நாளில் மட்டும், வீட்டுக்கு ஒரு தட்டு குனாஃபா இனிப்பு வாங்கிப் போய்த் தனியாகச் சாப்பிட்டான். கொள்ளைநோய் வந்து ஊரடங்கில் உலகமே நின்றபோது அவனுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. காருக்குத் துணி உறை போட்டான். பேட்டரியைக் கழற்றி சமையலறையில் வைத்தான். பத்து மாதம் பஸ்ஸிலும் நடந்தும் போனான். 2021 மார்ச்சில் துணி உறையின் முனைகள் வேறு இடங்களில் புடைத்துக்கொண்டு நின்றன. விலக்கிப் பார்த்தான். பக்கவாட்டில் வெட்டு வெட்டாக மடிந்த, கூர்மையான மாதிரி. அதற்குக் கத்தி என்று பெயர். பேட்டரி உள்ளே இருந்தது. சமையலறையிலும் ஒன்று இருந்தது.

அதைச் சோதிக்காமலே இருந்திருக்கலாம். ஆனால் உரிமம் முடிந்திருந்தது, அலுவலர் சீட்டு கேட்பார். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போனான். அபூ ஸக்ருக்குத் தாடி வெளுத்திருந்தது, கீழே படுக்க இன்னொருவர் தோளைப் பிடித்துக்கொண்டார். இடது முன் நல்லது. வலது முன் நல்லது. இடது பின் நல்லது. பிறகு வலது பின். இரண்டு தட்டு. தடவல். இரண்டு தட்டு. டார்ச்சை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தடவினார்.

“நல்லது,” என்றார் கடைசியில்.

“இன்னொரு தடவை பாருங்க மாமா.”

“நாலு தடவை பார்த்துட்டேன் தம்பி.”

“அடிபட்டதுன்னே எழுதிக் கொடுங்க. யாருக்கு நஷ்டம்? விலை எனக்குத்தானே குறையும்.”

“அடிபட்டதை நல்லதுன்னு எழுதச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டிருக்காங்க. நல்லதை அடிபட்டதுன்னு எழுதச் சொன்னவன் நீ ஒருத்தன்தான்.” அவர் எழுந்து வெளியே வந்தார். “இல்லாததை நான் எழுதினதில்ல. டீச்சருக்காகக்கூட எழுத மாட்டேன். அவ இருந்தா அவளே விட மாட்டா, கணக்கு வாத்தியார்.”

வரிசையில் நின்றவர்கள் நான்கும் நல்லது என்று கேட்டதும் கை தட்டினார்கள். வஜ்தி காரின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தான். பதினோரு வருடமாக வராதது அப்போதுதான் வந்தது. சத்தமில்லாமல் முதுகு மட்டும் குலுங்கியது. அபூ ஸக்ர் ஆறுதலாக அவன் முதுகில் கையை வைத்தார். வைத்த கை பழக்கத்தில் கீழே இறங்கியது. வலப்பக்கம், விலா எலும்பு முடிகிற இடத்தில், விரல்கள் தானாக நின்றன.

“அசையாதே,” என்றார்.

இரண்டு முறை தட்டினார். குனிந்து காதை வைத்துக் கேட்டார். சட்டைக்கு மேலேயே ஓரமாக விரலை ஓட்டிப் பார்த்தார்.

“வலது பின். அடிபட்டிருக்கு.”

வஜ்தி நிமிரவில்லை. “லேசாவா?”

“இல்ல. விரல் தானா நிக்குது. கம்பத்து அளவு.”

“தட்டி நேராக்க முடியுமா?”

“நேராக்கலாம். நேராக்கினது எப்பவும் தெரியும். வேண்டாம், விட்டுடு. ஓடுறதுக்கு ஒண்ணும் குறை இல்ல.”

“எழுதிக் கொடுப்பீங்களா?”

“இருக்கிறதைத்தானே எழுதப் போறேன்,” என்று அபூ ஸக்ர் இன்னொரு சீட்டை எடுத்தார். மேலே பெயர், வயது நாற்பது, பெட்டியில் மூன்று இடத்தில் நல்லது, ஓரிடத்தில் அடிபட்டது. முத்திரை குத்தினார். இரண்டு சீட்டுகளையும் மடித்து வஜ்தியின் சட்டைப் பையில் வைத்தார். வரிசையில் பின்னால் ஹாரன் அடித்தார்கள். உரிம அலுவலகத்தில் அலுவலர் இரண்டையும் வாங்கிப் படித்தார், காருக்கு உரியதைக் கோப்பில் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார்.

அதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதம், வஜ்தி இரண்டுக்கும் சோதனை செய்துகொள்கிறான். முதலில் கார், பிறகு அவன். அவன் கையை ஊன்றிக் குனிய, அபூ ஸக்ர் தட்டிப் பார்த்து, அதே இடம், அதே அளவு என்று எழுதுகிறார். இரண்டாவது சீட்டுக்கு அவர் கட்டணம் வாங்குவதில்லை. வரிசையில் நிற்பவர்கள் அதற்கும் சேர்த்துத்தான் நேரம் ஒதுக்கிக்கொண்டு வருகிறார்கள்.