இரண்டு மணி நேரம் தாங்குமா?

வளைகாப்புக்குப் போன இருதயமேரி மகளோடு திரும்பியிருக்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு அவள் கொண்டுவந்தது மூன்று டப்பாக்களில் கலவை சாதமும் ஒரு கேள்வியும்தான்.

கேள்வி சம்பந்தியம்மாள் சூசை மேரியுடையது. பந்தி முடிந்து, மகள் வெனிலாவின் பெட்டியைக்கூட வாசலில் கொண்டுவந்து வைத்த பிறகு, நாலு பேர் முன்னால் கேட்டாள்.

"அங்க கரண்டு எப்படிங்க?"

"இங்க மாதிரிதாங்க. போனா ரெண்டு மணி நேரம்."

"இன்வெர்ட்டரு?"

"இருக்குது."

"இருக்குறது தெரியும். ரெண்டு மணி நேரம் தாங்குமா? ஏழாம் மாசம், அதுவும் கத்திரி வெயிலு. பேன் நின்னா புள்ள மயக்கம் போட்டுடுவா. நீங்க போயி ஓட்டிப் பாத்துட்டு சொல்லுங்க. நானே கொண்டாந்து வுடறேன்."

சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெனிலா கை நிறைய வளையலோடு அம்மாவைப் பார்த்தாள், பிறகு அத்தையைப் பார்த்தாள். பெட்டி மறுபடியும் உள்ளே போயிற்று.

கணவர் சவரிராயன் இறந்து நாலு வருடம். வெனிலாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற இருதயமேரிக்கு, மகள் பிரசவத்துக்கு வந்து தங்கப்போகும் இந்த மாதங்கள்தான் கண் முன்னால் இருந்தன. தொட்டில் கட்டக் கொக்கி மாட்டியாயிற்று. பழைய வாயில் புடவைகளைக் கிழித்துத் துணி தைத்து அடுக்கியாயிற்று. இன்வெர்ட்டரைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. அதுதான் மாடிப்படிக்குக் கீழே பத்திரமாக இருக்கிறதே.

வீட்டுக்கு வந்ததும் அதன் சுவிட்சைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. மறுநாள் பகலில் கரண்டு போனபோது மின்விசிறி நிற்காமல் சுற்றியது. "பாத்தியா?" என்று யாருமில்லாத கூடத்தில் வாய்விட்டுச் சொன்னாள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டி நீளமாக ஒரு பீப் அடித்துவிட்டு அடங்கியது.

தையல் மிஷினைக் கழற்றி மாட்டுகிறவள் அவள். பயப்படவில்லை. பேட்டரியின் தண்ணீர் அளவு காட்டும் மிதவைகள் சிவப்பில் இறங்கிக் கிடந்தன. டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கிவந்து அளவு பார்த்து ஊற்றினாள். முனைகளில் பூத்திருந்த பொடியை வெந்நீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்தாள். இன்வெர்ட்டர் லைனில் ஒரு மின்விசிறி, ஒரு டியூப்லைட்டைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவைத்தாள். ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடியது. அவ்வளவுதான்.

அன்று மாலை வெனிலா போன் செய்தாள்.

"அம்மா, பாத்தியா? அத்த கேக்குறாங்க."

"பாத்துக்கினே இருக்கேன். சொல்றேன்னு சொல்லு."

"தாங்குதாம்மா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கணும்டி."

பேட்டரிக் கடை ஆனந்தராஜ் மறுநாள் வந்தார். அவர் மகள் இவளிடம் தையல் படித்தவள். அதனால் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மூடிகளைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"புது பேட்டரி போட்டுடுங்க டீச்சர். ஆனா ஸ்டாக் இல்ல. ஊரே க்யூவுல நிக்குது, எப்ப வண்டி வரும்னு எனக்கே தெரியாது."

"இது வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆச்சி. அதுக்குள்ள எப்படிப் போவும்?"

"அதான் எனக்கும் புரியல. அதிகமா ஓட்டுனீங்களா?"

"இல்லீங்க. ஓட்டவே இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓட்டவே இல்லன்னா?"

"வெனிலா கிறிஸ்துமசுக்கு வந்திருந்தா, அப்ப ஓடிச்சி. அவ போனதும் பிளக்க ஆப் பண்ணிட்டேன். நான் ஒருத்திதான, எனக்கு எதுக்குன்னு. அவ வர்றப்ப முழுசா இருக்கட்டும்னு."

"அப்ப இத்தன நாளு கரண்டு கட்டுல நீங்க இன்னா பண்ணீங்க?"

"வாசக் கதவுகிட்ட உக்காந்துப்பேன். காத்து வரும்."

ஆனந்தராஜ் தலையில் கை வைத்துச் சிரித்தார். "இது இன்னா பட்டுப் பொடவையா, பீரோல மடிச்சி வெச்சி நல்ல நாளைக்குக் கட்ட? சும்மா கெடந்தா தானா சார்ஜ் எறங்கும். எறங்கிப்போயி கெடந்தா உள்ள பிளேட்டுல வெள்ளையா உப்பு மாதிரி படிஞ்சிக்கும். நீங்க சேத்து வெக்கல டீச்சர். கொன்னு வெச்சிருக்கீங்க."

அவர் சிரிப்பை நிறுத்தியது அவள் முகத்தைப் பார்த்துத்தான். கொஞ்சம் இறங்கிய குரலில் வழி சொன்னார். பிளக்கைப் பிடுங்கவே கூடாது. கரண்டு இருக்கும்போதெல்லாம் ஏறட்டும். போகும்போது லைட்டையும் மின்விசிறியையும் போட்டு, தானாக நிற்கும்வரை ஓட்ட வேண்டும். மறுபடி முழுசாக ஏற்ற வேண்டும். இப்படிப் பத்து நாள் பார்த்தால் படிந்தது கொஞ்சம் கரையும்.

"ரெண்டு மணி நேரம் வருமா?"

"வந்தது வரும். பழைய மாதிரி வராது. சும்மா வெக்காதீங்க, அவ்ளோதான்."

சும்மா வைக்காமலிருப்பது சுலபமாக இல்லை. கரண்டு போனதும் வெனிலாவின் அறைக்குப் போய் விளக்கைப் போடுவாள், மின்விசிறியைப் போடுவாள். மகள் படுக்கப்போகும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்வாள். யாருக்கும் இல்லாத காற்று அறை முழுவதும் சுற்றும். முதல் நாள் எழுந்து நிறுத்தக் கை பரபரத்தது. வெள்ளையடித்த சுவரையும் காலி அலமாரியையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். வாசல் கதவருகே உட்கார்ந்தால் தெருவாவது தெரியும், யாராவது "இன்னா டீச்சர்" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இங்கே அதுவும் இல்லை. எப்போது நிற்கும் என்று காத்திருப்பாள், நிற்கக் கூடாது என்றும் வேண்டிக்கொள்வாள்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. பிறகு ஒரு மணி நேரம். பிறகு ஒன்றரை. அதற்கு மேல் எத்தனை நாள் ஓட்டியும் நகரவில்லை.

ஒன்றரை என்றே போனில் சொன்னாள். இரண்டு என்று சொல்ல நாக்கு எழவில்லை. சூசை மேரி கேட்டுக்கொண்டாள். "சரி, வெள்ளிக்கெழம கூட்டினு வர்றேன். கண்ணால பாத்துடறேன்" என்றாள்.

பஸ் குலுக்கும் என்று பாசஞ்சர் ரயிலில் வந்தார்கள். வெனிலாவின் பெட்டியும் வந்திருந்தது. இருதயமேரியின் கண் முதலில் அதைத்தான் பார்த்தது. ஆனால் சூசை மேரி அதைக் கதவை ஒட்டியே வைத்தாள். உள்ளே எடுத்துப் போகவிடவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போது கரண்டு போயிற்று. வெனிலா தன் அறைக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்தாள். அங்கே மட்டும் மின்விசிறி சுற்றியது.

"நமக்கு?" என்று சூசை மேரி கூடத்தின் கூரையைப் பார்த்தாள்.

"நமக்கு வேணாங்க. அவளுக்கு ஓடட்டும்."

"அதுவும் சரிதான். நாம இன்னா வெந்தா போயிடுவோம்?"

இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பழைய வாரப்பத்திரிகையால் விசிறிக்கொண்டு வாசல் பக்கம் உட்கார்ந்தார்கள். மாம்பழம் இந்த வருடம் புளிக்கிறது என்பதைப் பேசினார்கள். புதுச் சாமியாரின் பிரசங்கம் நீளம் என்பதைப் பேசினார்கள். நடுநடுவே இருவர் காதும் அறைப்பக்கமே இருந்தது.

பீப் அடித்தது. மின்விசிறி இரண்டு மூன்று சுற்று சுற்றி நின்றது.

"கரண்டு வர இன்னும் அரமணி நேரம் இருக்குதுங்க" என்றாள் இருதயமேரி. தப்பு செய்த மாணவியின் குரலாக அது அவள் காதிலேயே விழுந்தது. "அந்த அரமணி நேரமும் நான் உக்காந்து விசிறுவேன்."

இருவரும் அறை வாசலில் போய் நின்றார்கள். வெனிலா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. மின்விசிறி நின்றதே அவளுக்குத் தெரியவில்லை. இருதயமேரி கட்டிலருகே உட்கார்ந்து விசிற ஆரம்பித்தாள். சம்பந்தியம்மாள் வெனிலாவை எழுப்பிக் கூட்டிப்போகப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

சூசை மேரி எழுப்பவில்லை. கதவில் சாய்ந்தபடி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அங்கயும் இன்வெர்ட்டரு ஒன்னும் கிழிக்கல. ஒன்னேகால் மணி நேரந்தான்."

இருதயமேரி விசிறிய கை நின்றது.

"எம் மவன் ஜூடு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனில கெடக்குறான். வாரத்துல ஒருநாளு வர்றான், அதுவும் தூங்குறான். மத்த நாளெல்லாம் வீட்டுல நானும் இவளுந்தான். நான் தாப்பா போட்டுட்டு வந்தா, 'அத்த, இன்னொருதரம் பாத்துட்டு வாங்க'ன்னு தொரத்துவா. இவ இங்க வந்துட்டா நாலஞ்சு மாசம்..." முடிக்காமல் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "வாய்விட்டு அதச் சொல்ல முடியுமா? கரண்டத்தான் சொல்ல முடியும்."

இருதயமேரிக்கு அவள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். இந்தப் பத்து நாளும் காலி அறையில் உட்கார்ந்ததற்காவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வீட்டில் இனிமேல் எந்த நேரம் கடினமாக இருக்கும், எது பழகும், எது பழகவே பழகாது என்று அவளுக்குத் தெரியும்.

"இங்கயே இருந்துடுங்களேன்."

"நல்லா இருக்குது. மருமவ பிரசவத்துக்கு மாமியாரும் கூடவே வந்துட்டாளான்னு ஊரு சிரிக்கும். மாட்டுக்கு யாரு தண்ணி காட்றது?"

"அப்ப ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் நேரா வந்துடுங்க. வாராவாரம்."

 சூசை மேரி போய் அந்தப் பெட்டியைத் தூக்கிவந்து கட்டிலுக்கடியில் சத்தமில்லாமல் தள்ளினாள். எழுப்பினால் அழுவாள் என்று மருமகளிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினாள். தெருமுனையில் ஷேர் ஆட்டோவில் ஏறியபோது திரும்பிப் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது.

"வந்து சேந்துட்டேன்."

"சாப்ட்டீங்களா?"

"ஒருத்திக்கு இன்னாத்த வடிக்கிறது. மத்தியானம் சாப்ட்டதே இருக்குது."

அந்த வார்த்தைகள் இருதயமேரிக்குப் புதியவை அல்ல. அறையில் வெனிலா எழுந்து, அலமாரிக் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. இந்தச் சத்தம்தான் அந்தப் பக்கம் இல்லை.

"ஒரு டம்ளர் அரிசி போட்டு குக்கர வெய்ங்க. விசில் வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

 போனை எங்கோ மேடையில் வைக்கும் சத்தமும், அரிசியை அளந்து கொட்டும் சத்தமும் வந்தன.