சரிவு மண்

செல்வப்பிரியா டீச்சர் இன்னும் அழவில்லை என்பது சித்திரபுரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"எப்படித்தான் இருக்காளோ, மனசுக்குள்ள என்னத்தைப் பூட்டி வச்சிருக்காளோ" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். பூட்டி வைக்க ஒன்றும் இருக்கவில்லை. காது கேட்டது, கை வேலை செய்தது, அவ்வளவுதான்.

புருஷன் அருள்குமார் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். போன மழைக்கு முந்தின மழையில், சாய்ந்த போஸ்ட்டைப் பார்க்கப் போனவன் மேல் மலை சரிந்து இறங்கியது. தேடினார்கள், தேடினார்கள், பிறகு தேடுவதை நிறுத்தினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. மாமியார் சாந்தம்மாள் காரியம் செய்ய ஒத்துக்கொள்ளவில்லை.

"எதை வச்சுக் கொள்ளி போடச் சொல்லுதிய? எம்புள்ள வருவான்."

சரி என்றாள் செல்வப்பிரியா. பொட்டை எடுக்காதே என்றாள் அத்தை. அதற்கும் சரிதான்.

பள்ளிக்கூடத்து முன்சுவரில் சுட்ட ஓடுகளால் ஒரு பெரிய படம் வைக்கணும், மலையும் காடும் மேலே வாழும் முதுவான் பழங்குடிகளும் அதில் வரணும் என்று மலையாளத்துக்கார ஹெட்மிஸ்ட்ரஸ் ஷீனா டீச்சர் சொன்னபோதும் அப்படியே. "டிராயிங் டீச்சர் நீங்களல்லே, செய்யாமோ?" "சரி டீச்சர்."

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் தாளில் வரைந்தார்கள். லோகேஷ் வரைந்த முதுவான் இடுப்பில் இலை கட்டி, தலையில் இறகு செருகியிருந்தான்.

"இது யாருலே?" என்றாள் மல்லிகா. அவள் மேலே முதுவான் குடியிலிருந்து இறங்கி வந்து படிக்கிற பிள்ளை.

"உங்க ஆளுதான். டிவில இப்படித்தான் காட்டுவான்."

"எங்க சித்தப்பா ஜீப் ஓட்டுது. இலையைக் கட்டிட்டு உக்காந்தா சீட்டு சுடாதா?"

வகுப்பு உருண்டு சிரித்தது. லோகேஷ் இறகை அழித்தான். மல்லிகா சொல்லச் சொல்ல மற்றவர்கள் வரைந்தார்கள். கேப்பைக் காடு, பாறையில் தொங்கும் தேனடை, கடமான், பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு மலையேறும் ஒரு பெண்.

களிமண் பாதியில் தீர்ந்துபோனது. வெளியிலிருந்து வரவேண்டிய மூட்டைகள், மழையில் ரோடு அடைத்ததால் அடிமாலியிலேயே நின்றுவிட்டன.

"உங்க பக்கம் எங்க நல்ல மண்ணு இருக்கோ கொண்டு வாங்க" என்று அவளே சொன்னாள். "பாம்பு மாதிரி உருட்டி விரல்ல சுத்திப் பாருங்க. விரிசல் விடாம நின்னா நல்ல களி."

கொண்டுவந்தார்கள். அருமையான மண். மலை முழுவதும் அதில்தான் உருவானது, அந்தப் பெண்ணும்.

ஈரச்சாக்கின் அடியில் ஓடுகள் மெல்லக் காய்ந்த பிறகுதான் நிறம் பிரிந்தது. வாங்கிய மண் சாம்பலாக வெளுத்தது. மற்றது சிவந்து நின்றது. செல்வப்பிரியா ஒரு ஓட்டைக் கையில் எடுத்தாள்.

"இந்தச் செவப்பு மண்ணு எங்க எடுத்தது?"

லோகேஷ் கூரையைப் பார்த்தான்.

"சரிஞ்ச எடத்துல, டீச்சர்" என்றாள் மல்லிகா.

பக்கத்தில் நின்ற மௌனிகா அவள் கையைக் கிள்ளினாள். "சொல்லாதன்னுதானடி சொன்னேன்!"

"கேட்டாங்கல்ல? கேட்டா சொல்லாம?" மல்லிகா கையைத் தேய்த்துக்கொண்டாள். "நாங்க எறங்குற வழி அதான் டீச்சர். மத்த எடமெல்லாம் தேயிலை வேரு, கல்லு. அங்கதான் மண்ணு தொறந்து கெடந்துச்சு. விரல்ல சுத்திப் பாத்தேன். விரியவே இல்ல."

"ஆமா" என்றாள் செல்வப்பிரியா. "நல்ல மண்ணு."

ஷீனா டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். "எண்டம்மோ! பிள்ளைங்க தெரியாம செஞ்சது. சுடாத ஓடுதானே, தண்ணில போட்டா அலிஞ்சு கரைஞ்சு போகும். சாக்குல கட்டி அங்கேயே கொண்டு கொட்டிடலாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா மதி, போதும்."

சரி என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"நாளைக்குச் சொல்றேன் டீச்சர்."

வீட்டில் சாந்தம்மாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, பிள்ளைங்க அந்த எடத்து மண்ணுல ஓடு செஞ்சிருக்கு."

"எந்த எடத்து?"

"அந்த எடத்து."

கத்தி நின்றது.

"தண்ணியில போட்டா?"

"கரைஞ்சிரும். பழையபடி மண்ணுதான்."

"சூளையில வச்சா?"

"வெந்துட்டா அப்புறம் மண்ணாகாது. எத்தனை மழை பெய்ஞ்சாலும் கரையாது."

"எங்கயும் போயிராது?"

"செவுத்துல ஒட்டிட்டா எங்கயும் போகாது."

சாந்தம்மாள் முகத்தை நிமிர்த்தினாள். "நீ என்ன சொல்லுத?"

இதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. "எனக்குத் தெரியல அத்தை. ஆனா அதைத் திரும்ப அங்க கொண்டு கொட்ட என்னால ஆகாது."

"அப்ப வேகட்டும்." பீன்ஸை முறத்தோடு தள்ளி வைத்தாள் கிழவி. "நெருப்பு நான்தான் வைப்பேன். பெத்தவ நானு."

பள்ளிக்கூடத்துப் பின்னால் செங்கல் அடுக்கிச் சூளை கட்டியிருந்தார்கள். அடியில் கிராண்டிஸ் யூகலிப்டஸ் விறகு.

"பஞ்சாயத்து மெம்பர் வந்துதான் பத்த வைக்கணும்னாங்களே" என்றான் லோகேஷ்.

"மெம்பர் போட்டோவுக்கு வரட்டும்" என்றார் ஷீனா டீச்சர். "நீ மிண்டாம நில்லு, பேசாதே."

சாந்தம்மாள் தீக்குச்சி கிழித்தாள். ஒன்று அணைந்தது. அடுத்ததற்கு செல்வப்பிரியா இரண்டு உள்ளங்கையையும் குவித்துக் காற்றை மறைத்தாள். சருகு பிடித்தது. கிழவி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிள்ளைகள் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள்.

"சின்ன நெருப்பாவே போகட்டும்" என்றாள் அவள். "பச்சைப்பிள்ளைக்குத் தண்ணி காய வைக்கிற மாதிரி. அவசரப்பட்டா வெடிச்சிரும்."

சூளை ஆறிப் பிரித்தபோது, "டீச்சர், மலை ரெண்டாப் போச்சு!" என்று லோகேஷ் அலறினான். மலையில் ஒரு ஓடுதான் விண்டிருந்தது. சேர்த்து வைத்துப் பூசினார்கள். அந்த இடத்தில் மெல்லிய கோடு நின்றது.

ஒட்டுகிற வேலை முடியும் நேரத்தில் சாந்தம்மாள் வந்து சுவரின் முன்னால் நின்றாள்.

"இதுல எது அவன்?"

லோகேஷ்தான் சொன்னான். "செவப்பா இருக்கறதெல்லாம் பாட்டி."

கிழவி தலையாட்டினாள். செல்வப்பிரியாவின் கையிலிருந்த கடைசி ஓட்டைக் காட்டினாள்; அதில் அந்த மலையேறும் பெண்.

"இவ யாரு?"

"எங்க குடிப் பொம்பளை" என்றாள் மல்லிகா. "பிள்ளையைக் கட்டிட்டுப் போகுது."

"அந்தச் சரிவு மேலயா போறா?"

"எங்க வழி அதான பாட்டி. அப்ப எல்லாரோடயும் எங்கப்பாவும் அங்கதான் தேடுச்சு."

"பிள்ளை முழிச்சிருக்கா?"

மல்லிகா எட்டிப் பார்த்தாள். "தூங்குது."

"தூங்கட்டும்." சாந்தம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "காரியத்துக்கு ஆள் சொல்லிவிடு செல்வி. முடிச்சிருவோம்."

"சரி அத்தை."

"டீச்சர், சிமெண்ட் காயுது!" என்றான் லோகேஷ்.

செல்வப்பிரியா ஓட்டை அதன் இடத்தில் வைத்து அழுத்தினாள். பிடித்துக்கொண்ட பிறகும் கையை எடுக்கவில்லை.