தக்காளியின் மேல் விழுந்த பழி

சிஹாபுதீனுக்கு ஒரே மகள், ஜெயினம்பு. ஏழு வயது. ஐந்தாம் வயதில் தொடங்கிய வலிப்பு மாத்திரைக்கும் அடங்கவில்லை, தாயத்துக்கும் அடங்கவில்லை. வாரத்துக்கு மூன்று தடவையாவது கண் சொருகி விழுவாள். எண்பத்து நான்காம் வருஷம் மெட்ராஸில் ஒரு பெண் டாக்டர் புதிதாக ஒரு வழி சொன்னார். சோறு கூடாது, இட்லி கூடாது, ரொட்டி கூடாது, இனிப்பு என்ற பேச்சே கூடாது. முட்டை, நெய், வெண்ணெய், கறி, பாலாடை, இவைதான் சாப்பாடு, அதுவும் கிராம் கணக்கில். உடம்பு மாவை விட்டுவிட்டுக் கொழுப்பை எரிக்க ஆரம்பித்தால் சில பிள்ளைகளுக்கு வலிப்பு நின்றுபோகும் என்றார். அது நடக்கிறதா என்று பார்க்கக் காகிதப் பட்டைகளும் கொடுத்தார். காலையில் சிறுநீரில் நனைத்தால் அது ஊதாவாக மாற வேண்டும்.

சிஹாபுதீன் கீழவாசல் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். கடையிலிருந்த சின்னப் பித்தளைத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மனைவி அமீருன்னிசா அன்றிலிருந்து அந்தத் தராசும் கையுமாகவே இருந்தாள். மகளுக்கு வாசம் எட்டக்கூடாது என்று அவள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் வீட்டில் உலை வைத்தாள்.

அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? பிள்ளை விழுந்து துடித்தபோது எட்டிப் பார்க்காதவர்கள்கூடச் சோற்றுக்கு நியாயம் பேச வந்தார்கள். "பச்சப்புள்ளைக்குச் சோறு போடாம எவளாச்சும் வளப்பாளா?" என்று அமீருன்னிசாவின் காதுபடவே கேட்டார்கள். இரண்டு வாரம் காகிதம் நல்ல ஊதாவாக வந்தது. பதினோரு நாள் பிள்ளை விழவே இல்லை. பதில் சொல்ல அவளுக்கு அது போதும்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய தம்பி சேக் இஸ்மாயில் லீவில் வந்தான். கப்பலில் சமையல் வேலை. இத்தாலியில் பீட்சா என்று ஒன்று உண்டு, வட்டமான ரொட்டியின் மேல் தக்காளியும் சீஸும் உருகி வழியும் என்று மருமகளிடம் அளந்துவிட்டுப் போய்விட்டான். வாய்க்கு ருசியாக எதையும் கேட்டறியாத பிள்ளை, "அம்மா, எனக்கு அது வேணும்" என்றாள்.

ரொட்டிக்கு எங்கே போவது? அமீருன்னிசா இரண்டு நாள் யோசித்தாள். டப்பா சீஸைத் துருவி, முட்டையும் பாலாடையும் சேர்த்து அடித்து, நெய் ஊற்றிய தோசைக்கல்லில் தடிமனாகப் பரப்பி மூடி வைத்தாள். அடி சிவந்ததும் திருப்பிப் போட்டு, மேலே வதக்கிய தக்காளி, வேகவைத்த கொத்துக்கறி, இன்னும் கொஞ்சம் சீஸ். எல்லாம் தராசில் நிறுத்ததுதான். முதல் தடவை கல்லோடு ஒட்டிப் பிய்ந்தது. இரண்டாம் தடவை வட்டமாக வந்தது.

ஜெயினம்பு அதை வாசலில் உட்கார்ந்துதான் தின்பேன் என்றாள். பரோட்டாவும் மிட்டாயும் காட்டி அவளை ஏங்கவைத்த தெருப்பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். "இது பீட்சா. உங்களுக்கெல்லாம் கிடைக்காது" என்றாள். உள்ளேயிருந்து அதைக் கேட்ட அமீருன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது முதல் ஒருநாள் விட்டு ஒருநாள் பீட்சா.

அதே வாரம் ஒரு காலையில் பிள்ளை மறுபடி விழுந்தாள். சின்ன வலிப்புதான், அரை நிமிஷத்தில் தெளிந்துவிட்டது. ஆனால் சிஹாபுதீன் பயந்துவிட்டார். யாரிடமும் சொல்லாமல் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போய்க் கற்கண்டு ஓதி வாங்கி வந்தார். பத்தியத்தைப் பற்றி ஹஸ்ரத்திடம் சொல்லவில்லை, கற்கண்டைப் பற்றி மனைவியிடம் சொல்லவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் வழியில் தினமும் ஒரு கட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லி அவள் வாயில் போட்டார்.

"இது அல்லாவோட மருந்து. அம்மாக்கிட்டச் சொல்லாத."

நாளெல்லாம் கடையில் அரை வராகன் எடை, கால் வராகன் எடை என்று மருந்து நிறுத்துக் கொடுக்கிற மனுஷர் அவர். ஒரு மருந்து கொஞ்சம் கூடினால் என்ன ஆகும் என்று ஊருக்கே புத்தி சொல்லுகிறவர். ஓதிய கற்கண்டு மட்டும் கணக்கில் சேராது என்று எப்படி நினைத்தாரோ. பயம் வந்துவிட்டால் படித்ததெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது.

காகிதத்தின் ஊதா வெளுத்தது. வலிப்பு கூடியது. கூடக்கூட அவர் கற்கண்டைத்தான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு தடவை பிள்ளை நாக்கைக் கடித்து ரத்தம் வந்தது. அவர்தான் மடியில் போட்டுத் தலையைப் பிடித்திருந்தார்.

மெட்ராஸில் டாக்டர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது கொடுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லங்க டாக்டர். என் கையத் தவிர வேற கையி படல" என்றாள் அமீருன்னிசா.

சிஹாபுதீன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் இந்த வைத்தியத்தை நிறுத்திவிடலாம், எல்லாப் பிள்ளைக்கும் கேட்பதில்லை என்றார் டாக்டர்.

ரயிலில் வரும்போது அமீருன்னிசா விரல்விட்டு எண்ணினாள். பீட்சா ஆரம்பித்த நாள், வலிப்பு திரும்பிய நாள். இரண்டும் ஒரே வாரம்.

"தக்காளிதாங்க. தக்காளியில இனிப்பு இருக்குல்ல? அவ ஆசப்பட்டான்னு நானே எம்புள்ளையக் கெடுத்துட்டேன்" என்றாள். சிஹாபுதீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் அவர் கற்கண்டை நிறுத்தினார். அவள் பீட்சாவை நிறுத்தினாள். நாலாம் நாள் காகிதம் பளிச்சென்று ஊதாவாக வந்தது.

அமீருன்னிசா அந்தக் காகிதத்தை எடுத்து வந்து அவரிடம் காட்டினாள். "பாத்தீங்களா, நாஞ் சொன்னேன்ல." மகளைக் கூப்பிட்டு, "இனிமே பீட்சா கேக்கக்கூடாது தங்கம். அதுதான் உனக்கு ஆகல" என்றாள். ஜெயினம்பு அழவில்லை. தகப்பனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அவளே கேட்டாள்.

"அத்தா, கற்கண்ட நிப்பாட்டுனதாலதானே நல்லாயிருச்சு?"

அவர் அவளுடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் அம்மாக்கிட்டச் சொல்லலத்தா" என்றாள்.

அன்று கடையில் அவருக்கு எதுவும் ஓடவில்லை. ஏழு வயதுப் பிள்ளை தனக்கிருந்த ஒரே தின்பண்டத்தை விட்டுக்கொடுத்துத் தகப்பனைக் காப்பாற்றுகிறது. தகப்பனோ மனைவி முன்னால் தலை குனியக் கூசுகிறான். அப்படியே மூன்று நாள் போயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அமீருன்னிசா சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"நீங்க அன்னிக்குப் பேசுனது சரிதாங்க்கா. எங் கையிதான் அவளுக்கு விஷமாப் போச்சு."

வந்த வழியே திரும்பிப் போனார். அரைக் கிலோ தக்காளி வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரி போய்விட்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஹஸ்ரத், கற்கண்டு, பள்ளிக்கூட வழி, எதையும் விடவில்லை.

அமீருன்னிசா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"எம்புட்டு நாளா?"

"முப்பத்தி மூணு நாளு."

"எட்டுத் தடவ விழுந்தா" என்றாள் அவள். "நாக்குல ரத்தம் வந்தப்பவும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியலம்மா. நல்லதுன்னுதான்..."

"டாக்டரம்மா கேட்டப்போ தெரியும்ல."

அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். முட்டை உடைத்தாள், சீஸ் துருவினாள், தக்காளியை நறுக்கித் தராசில் வைத்தாள். ஒரு துண்டு கூடுதலாக இருந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தாள். கல்லில் நெய் காயும் வாசத்துக்கு ஜெயினம்பு உள்ளே ஓடிவந்தாள். அம்மாவைப் பார்த்தாள், தக்காளியைப் பார்த்தாள், அத்தா சொல்லிவிட்டார் என்று புரிந்துகொண்டாள்.

தட்டைக் கையில் கொடுத்ததும் அவள் வாசலுக்குப் போகவில்லை. சுவரோரம் நின்ற தகப்பனிடம் போய், ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினாள்.

"இந்தாங்கத்தா."

அவர் கையை நீட்டிவிட்டார். அமீருன்னிசா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்.

"குடுக்காத தங்கம். அது உனக்குன்னு நிறுத்தது. அத்தா கையில இனிமே எதையும் குடுக்காத, அத்தா கையிலிருந்து எதையும் வாங்காத."

பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அந்தத் துண்டைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.