கென்னத்தின் பென்சில் எழுத்து

புத்தகம் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் என்ன, யார் வந்து என் பையைத் திறந்து பார்க்கப் போகிறார்கள், அந்த ஷாமினி நல்ல பெண், ஆன்டி ஆன்டி என்று உருகுவாள், பரவால்ல ஆன்டி என்று போய்விடுவாள்... அப்படிப் போகிறவள் மூன்று தடவை மெசேஜ் அனுப்புவாளா? இரண்டு தடவை எனக்கு, நான் பதில் போடவில்லை என்றதும் மூன்றாவது என் மகள் பிரெண்டாவுக்கு. இவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மம்மியே கொண்டுவந்து தருவாங்க என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். ஸ்ரீ கெம்பாங்கானுக்கு வேலைக்குப் போகிறவள், காரில் போகிற வழியில் ஒரு சுற்றுச் சுற்றி அவளே கொடுத்திருக்கலாம், என்னை வெளியே இழுக்கத்தான் இந்த நாடகம், எனக்குத் தெரியாதா. அதனால்தான் நான் இந்தக் கொமுட்டர் ரயிலில், கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு, பெண்கள் பெட்டியில், மடியில் பையும் பைக்குள் கென்னத்தின் புத்தகமுமாக... கென்னத்தின் புத்தகம் என்ன, ஷாமினியின் புத்தகம்தான். ஆனால் என் மகன் போய் நாற்பத்து மூன்று நாள் ஆகிறது, நாற்பதாம் நாள் பூசைக்குக் கோயிலுக்குப் போனதோடு சரி, அதை விட்டால் இன்றுதான் வாசலைத் தாண்டுகிறேன், அதுவும் பொய் சொல்ல.

ஜப்பான் படக்கதை அது. கென்னத்துக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஜப்பான்காரன் ஃபேக்டரியில் வேலை, பாஷைப் பரீட்சை பாஸானால் ஒரு வருஷம் அங்கேயே அனுப்புவானாம், அதற்காகச் சனிக்கிழமை தவறாமல் பிரிக்பீல்ட்ஸில் வகுப்பு, ஷாமினியும் அதே வகுப்பு, அவள் இரவல் கொடுத்தது. அவன் அதற்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. எனக்கு அதில் ஒரு எழுத்து தெரியாது, படம் போதும். பேய்க்கதைதான், ஆனால் ரத்தம் வழிகிற பேய் இல்லை... ஜன்னலே இல்லாத வீட்டில் ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் கறுப்பாக ஒன்று, ஆள் உயரத்துக்கு, அவள் தோளில் தலை சாய்த்துக்கொண்டு. பக்கம் திருப்பத் திருப்ப அது சிறுத்துக்கொண்டே போகும். ஒரு ஜன்னல் வரும், இன்னொன்று வரும், யாரோ அவள் கதவுக்கு வெளியே ஒரு தட்டில் சாப்பாடு வைப்பார்கள், அந்தக் கறுப்பு உருவம் பூனை அளவாகிக் கறை அளவாகி ஒன்றுமில்லாமல் போகும். அப்புறம் சவப்பெட்டி வரும், அதையும் தாண்டினால் அவள் பையன் வந்துவிடுவான், வாசலில் குனிந்து கால் சப்பாத்தைக் கழற்றுவான், மேசையில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவான். அதுதான் கடைசிப் பக்கம். தினமும் காலையில் கென்னத் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பையன் சாப்பிடுகிற வரைக்கும் பார்ப்பேன். பாதர் சொல்கிற உயிர்ப்புக்கு உலகம் முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும், இது இருநூறு பக்கத்தில் நடந்துவிடுகிறது, இதைப் போய் நான் திருப்பிக் கொடுப்பேனா?

அவன் போன அன்றைக்கும் இந்தப் புத்தகம்தான் மேசையில் கிடந்தது, தட்டில் நாசி லெமாக் ஆறிப் போகிறது, இவன் பென்சிலை வைத்துக்கொண்டு அந்த எழுத்துக்கு மேலே தமிழில் அர்த்தம் எழுதிக்கொண்டிருக்கிறான். எனக்கு வந்ததே கோபம். "இருபத்தேழு வயசுல பொம்மைப் புத்தகமாடா? வேலைக்கு லேட் ஆகுது, மோட்டர் சைக்கிளை முடுக்கிட்டு ஓடப் போற" என்று கத்தினேன். "சரி லா மம்மி, போயிட்டு வரேன்" என்றான். எங்கள் வீட்டில் யாரும் போறேன் என்று சொல்லக் கூடாது, போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும், கேட்கிறவர் போயிட்டு வா என்று சொல்லியே ஆக வேண்டும், அந்தச் சட்டத்தைப் போட்டவளே நான்தான். அன்றைக்கு நான் சொல்லவில்லை. குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டுச் சட்டி கழுவினேன். எட்டேகாலுக்கு போன் வந்தது, பந்திங் ரோட்டில் லோரி என்றார்கள்... சொல்லியிருந்தால்? பைத்தியமே, ஒரு வார்த்தை லோரியை நிறுத்துமா? நிறுத்தாது. தெரியும். தெரிந்து என்ன.

கொடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை, பாடாங் ஜாவா ஸ்டேஷனில் புத்தகத்தை எடுத்துவிட்டேன். ஷா ஆலாமில் ஒரு பெண் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள், தலையில் துடோங், கழுத்தில் யூனிவர்சிட்டி அட்டை, மலாய்க்காரப் பிள்ளை என்று நினைத்தேன், எட்டி எட்டிப் பார்க்கிறாள், எனக்கு எரிச்சல், என்ன வேடிக்கை...

"ஆன்டி, சாரி லா, தப்பா நினைக்காதீங்க."

"தமிழாம்மா நீ?"

"ஆமா ஆன்டி, ரிஹானா. இந்தக் கதை நான் படிச்சிருக்கேன். நீங்க கடைசியிலேருந்து பார்க்கிறீங்க. ஜப்பான் புத்தகம் நாங்க குர்ஆன் ஓதுற மாதிரி, வலது பக்கம்தான் தொடக்கம்."

"அப்ப இந்தப் பையன்?"

"முதல்லயே இருப்பான் ஆன்டி. அப்புறம்..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நல்ல பிள்ளை. சுபாங் ஜெயாவில் இறங்கும்போது என் தோளைத் தொட்டு, சாரி ஆன்டி என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனாள். நீ எதற்கம்மா சாரி சொல்கிறாய்...

திருப்பிப் பிடித்தேன். பையன் சோறு சாப்பிடுகிறான். எழுந்து வாசலில் குனிகிறான், கழற்றவில்லை, ஐயோ, மாட்டுகிறான். இந்தப் பக்கங்களில்தான் கென்னத்தின் எழுத்து, அதைப் பார்த்தால் தாங்காது என்று இத்தனை நாளும் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். இப்போது கையை எடுத்தேன். பையன் வாய்க்கு மேலே, போயிட்டு வரேன். அம்மாக்காரி வாய்க்கு மேலே, போயிட்டு வா. ஜப்பான்காரனும் அப்படித்தான் சொல்வானாடா? இதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா... சொல்ல விட்டேனா நான்? அதோடு பென்சில் முடிந்துவிட்டது. அடுத்த பக்கம் சுத்தமாக இருக்கிறது, கடைசி வரைக்கும் சுத்தம். பையன் திரும்பி வர மாட்டான் என்று என் மகனுக்குத் தெரியாது, அதுவரைக்கும் அவன் படிக்கவில்லை. நான் சொல்லாததை அவன் கையாலேயே எழுதி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறான். பெட்டி நிறைய ஆள், எனக்கு வெட்கமில்லை, அழுதேன்.

பெட்டாலிங் தாண்டுகிற வரைக்கும் மிச்சத்தைப் பார்த்தேன், நேராக, சரியான பக்கத்திலிருந்து. சவப்பெட்டி போகிறது. மூலையில் ஒரு கறை. அவளே ஒரு ஜன்னலை மூடுகிறாள், அடுத்ததையும் மூடுகிறாள், கறை எழுந்து உட்காருகிறது. கதவுக்கு வெளியே தட்டு இருக்கிறது, திரும்பவும் இருக்கிறது, நான்காவது தடவை தட்டு இல்லை. வைத்த ஆள் யாரென்று படத்தில் காட்டவே இல்லை... நானும் இத்தனை நாள் கேட்கவில்லை. வைக்கிறவள் அலுத்துப் போனாளா? பிரெண்டாவுக்கும் அவன் அண்ணன்தானே. இன்று காலையில் கென்னத் அறைக் கதவுக்கு வெளியே ரொட்டியும் முட்டையும் மூடி வைத்திருந்தது, நான் அதைத் தாண்டி வந்தேன், ஆறியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு குரல், மம்மி, போயிட்டு வரேன். நேற்றும் அதே குரல். அவளும்தான் கார் எடுத்துக்கொண்டு அந்த லோரிகளுக்கு நடுவில் போகிறாள், நான் உள்ளே உட்கார்ந்து பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன், நாற்பத்து மூன்று நாளில் ஒரு நாளாவது பதில் சொன்னேனா?

கேஎல் செண்ட்ரல், பிரிக்பீல்ட்ஸுக்கு இறங்குகிற ஸ்டேஷன். படி ஏறும்போதே போனைக் காதில் வைத்துவிட்டேன், புத்தகம் கக்கத்தில். டிக்கெட் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஷாமினி, மெலிந்து போயிருக்கிறாள், கையை ஆட்டுகிறாள், நான் இரும்மா என்று விரலைக் காட்டுகிறேன். என் மகள் எட்டு மணிக்குக் கிளம்பியவள், இப்போது மணி பன்னிரண்டு, எட்டு மணிக்குச் சொல்ல வேண்டியதைப் பன்னிரண்டு மணிக்குச் சொன்னால் பலிக்குமா... போன் மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது, வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுவாள், அதனால்தான், அதனால் மட்டும்தான், எடுடி பிரெண்டா, எடு.