அடுத்தவர் காய்ச்சல்

ஏழாம் அறையில் இருந்த ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகருக்கு வந்த காய்ச்சல் எதுவும் அவருடையதல்ல. முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு பேருக்கும் மணிக்கட்டில் உடல் வெப்பம் பார்க்கும் பட்டை கட்டிய மூன்றாம் வாரமே இது தெரிந்துபோனது. வயதானவர்கள் தொற்று வந்தால் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், சொல்வதற்குள் காரியம் கெட்டுவிடும், பட்டை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் என்று கம்பெனிக்காரர் விளக்கியிருந்தார். காட்டிக்கொடுக்கத்தான் செய்தது. திங்களன்று பரிசோதகரின் பட்டை நூற்றொன்று காட்டும். அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். புதனன்று எதிர் அறைக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டும்.

தலைமை நர்ஸ் எதையும் எளிதில் நம்புகிற பிறவி அல்ல. மருந்துப் புட்டியின் தேதியைக்கூட இரண்டு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவள். குளிப்பாட்டும்போது ஆயாக்கள் பட்டைகளைக் கழற்றி ஒரே தட்டில் போட்டுக் குழப்புகிறார்கள் என்று முதலில் அவர்கள்மேல் பாய்ந்தாள். ஒவ்வொரு பட்டையிலும் நகப்பூச்சால் அறை எண் எழுதினாள். எண் மாறவில்லை, காய்ச்சல்தான் இடம் மாறிக்கொண்டிருந்தது. பிறகு சந்தேகம் பரிசோதகர்மேல் விழுந்தது. முப்பது வருஷம் ரயிலில் ஊரையே சந்தேகப்பட்ட மனிதருக்கு, தன்னை ஒருத்தி சந்தேகப்படுவது வேடிக்கையாக இருந்தது. பட்டையை வெந்நீரில் முக்குகிறாரா என்று பார்க்க ஒரு மணி நேரம் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். கை ஜில்லென்றிருந்தது, பட்டை நூற்றிரண்டுக்கு ஏறியது. பட்டையே கட்டாத சமையல்காரர் மறுநாள் காய்ச்சலில் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் அறையில் இருந்தது நர்ஸின் சொந்த அக்கா. பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனவள். எங்கே வலித்தாலும் இடது கையை லேசாக அசைப்பாள், அவ்வளவுதான். அக்காவின் பட்டை ஒருநாளும் தப்பான எண் காட்டியதில்லை. அந்த இல்லத்தில் நர்ஸ் நம்பிய ஒரே பொருள் அதுதான். ஒரு பிற்பகல் பரிசோதகரின் பட்டை நூற்று மூன்று காட்டியது. அன்று அவர் சிரிக்கவில்லை.

"இது உங்க அக்காவோடது சிஸ்டர். இன்னைக்கே டாக்டரைக் கூப்பிடுங்க."

யாருடைய காய்ச்சல் என்று அதுவரை அவர் சொன்னதே இல்லை. சந்தேகப்பட்டதற்கு வஞ்சம் தீர்க்கிறார் என்று நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டையை வெடுக்கென்று கழற்றி மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அக்காவிடம் போய்ப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு, நெற்றியிலும் சூடில்லை. திரும்பி வந்து அலமாரியைத் திறந்தபோது பஞ்சுச் சுருள்கள் வெதுவெதுப்பாக இருந்தன, களிம்பு உருகித் தட்டில் வழிந்திருந்தது. பட்டையில் எண் நூற்று நான்கு. அவளுக்குப் பயம் வந்தது. மருத்துவர் தன்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் நினைக்கட்டும் என்று போன் செய்தாள்.

சிறுநீரில் தொற்று. சிறுநீரகத்துக்கு ஏறத் தொடங்கியிருந்தது. இரண்டு நாள் தள்ளியிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார் மருத்துவர். ஊசி போட்டு அக்கா பிழைத்தாள். நர்ஸ் பட்டையைத் துடைத்துப் பரிசோதகரின் கையில் தானே கட்டிவிட்டாள். மன்னிப்பு கேட்கவில்லை, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் கேட்டாள், அதுவும் விசாரணை செய்கிற குரலில்.

"என் உடம்புல ஏறினது யாருன்னு எனக்குத் தெரியாதா சிஸ்டர்? முப்பது வருஷம் அதானே வேலை."

அடுத்த ஆறு வருஷத்தில் இல்லத்தில் தொற்றுக்கு யாரும் பலியாகவில்லை. பழுதான பட்டையை மாற்றித் தருவதாகக் கம்பெனிக்காரர் இரண்டு முறை வந்தார். நர்ஸ் அவரை வாசலோடு அனுப்பிவைத்தாள். ஒரு சந்தேகம் மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது: இந்த மனிதருக்கே காய்ச்சல் வந்தால் அது எங்கே தெரியும்? யாரிடமும் கேட்க அவளுக்குத் துணிவில்லை.

ஒரு காலை மூன்றாம் அறையில் அக்காவின் பட்டை நூற்றிரண்டு காட்டியது. அக்கா தட்டில் மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தெளிவாகத்தான் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அவள் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மருத்துவருக்குப் போன் செய்து, நேராக ஏழாம் அறைக்கு வரச் சொன்னாள்.