பூங்காவனம் செய்த டம்ளர்

'கையால் செய்தால்தான் மனசில் நிற்கும்' என்பது மங்களாம்பிகை டீச்சருக்கு வேதவாக்கு. மெட்ராஸில் பயிற்சி முடித்து வந்தவள். அவளுடைய பாலர் பள்ளியில் பாதிப் பாடம் வெளியே புங்கமரத்தடியில்தான் நடக்கும். அன்றைக்கு ஏரியிலிருந்து ஒரு கூடை களிமண் வந்திருந்தது.

"நம்ம பள்ளிக்கூடத்துல தினம் எதைப் பாக்கறீங்களோ, அதைச் செய்ங்க, பாக்கலாம்" என்றாள்.

குருக்கள் வீட்டு மௌலி பள்ளிக்கூட மணியைச் செய்தான். சேரியிலிருந்து வருகிற ஒரே குழந்தையான பூங்காவனம் தண்ணீர்ப் பானையும், பக்கத்தில் வரிசையாக ஏழு டம்ளர்களும் செய்திருந்தாள். நாலு வயதுக்கு என்ன நேர்த்தி! டீச்சருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. குனிந்து பார்த்தாள். எட்டாவது டம்ளர் ஒன்று எட்டத்தில், ஒரு கல்லின்மேல் தனியாகக் கவிழ்ந்திருந்தது.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. மாடவீதித் தாய்மார்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டியபோது, "ஒரு மாசம் பொறுங்க, அதுவரைக்கும் அந்தப் பொண்ணுக்குத் தனி டம்ளர் வைக்கிறேன்" என்று சொல்லி, ஜன்னலில் அதைக் கவிழ்த்து வைத்தவள் அவள்தான். எட்டு மாசம் ஆகியும் அந்த ஒரு மாசம் முடிந்தபாடில்லை.

"இதுவும் வரிசையிலதான் இருக்கணும், கண்ணு" என்று சொல்லி, கல்லின்மேல் இருந்ததை எடுக்கக் கை நீட்டினாள்.

குழந்தை பதறிப்போய்க் குறுக்கே வந்து நின்றது.

"ஐயோ, வேணாம் டீச்சர்! அது என்னுது. நீங்க தொடக்கூடாது."