முப்பத்தாறு புள்ளி ஆறு

எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியின் அறுவைப் பிரிவில் முப்பத்தெட்டுக் கட்டில், மூன்று நர்ஸ். மூவரில் இருவர் கூடுதல் சம்பளத்துக்கு மாஸ்கோவில் கிழவிகளைக் குளிப்பாட்டப் போய்விட்டார்கள். மிச்சம் நான் ஒருத்தி. "பெர்மெத், நீ இருக்கிறவரைக்கும் எனக்குக் கவலையில்ல" என்பார் டாக்டர் எர்மெக். கொஞ்சம் கவலைப்பட்டிருக்கலாம் மனுஷன்.

தினமும் காலை எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். ஓர் அக்குளுக்குப் பத்து நிமிடம். இருப்பதோ ஐந்து தெர்மாமீட்டர். ஊசி, டிரிப், கட்டு மாற்றுவது எல்லாம் அதற்கு மேல். நான் மேசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் 36.6, அதாவது காய்ச்சல் இல்லை, என்று எழுதத் தொடங்கினேன். சந்தேகம் வராமலிருக்க இடையிடையே ஒரு 36.4, ஒரு 36.7. அந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது.

துர்சுனாய்க்குப் பித்தப்பையில் அறுவை. இரண்டு பிள்ளைகளின் தாய். துணைக்கு இருந்தவள் ஓரகத்தி சபீரா. மூன்றாம் நாள் காலை அவள் என் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, அவளுக்கு உடம்பு கொதிக்குது. கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்."

"மூணு கம்பளியப் போத்திவிட்டா கொதிக்காம உறையுமா? போம்மா, எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?"

டாக்டர் வந்தபோது அவரிடமும் சொன்னாள். அவர் தாளைப் பார்த்தார்.

"36.6 போட்டிருக்கு. உன் கைய நம்பவா, தெர்மாமீட்டர நம்பவா?"

கட்டிலின் மறுபக்கம் நான்தான் நின்றேன். 'நான் பார்க்கவில்லை டாக்டர்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாயில் கொழுக்கட்டை. அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளைப் போல சபீராவின் முகம் சிவந்துவிட்டது.

மதியம் சபீரா வீட்டுக்குப் போய்த் தானே வைத்து எடுத்துவந்த ஆட்டுச் சூப்பில் அவளுக்கு நாலு கரண்டி ஊட்டினாள். சாயங்காலம் துர்சுனாய்க்குக் குளிர் நடுக்கம் கண்டது. அப்போதுதான் தெர்மாமீட்டர் வைத்தேன். 40.2. வயிற்றுக்குள் சீழ். தலைநகர் பிஷ்கேக்குக்கு அனுப்பினோம், அங்கே இரண்டாம் நாள் செத்துப்போனாள். காலையிலேயே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கிருந்து போனில் சொன்னார்கள். "காலையில காய்ச்சலே இல்லையே" என்றார் எங்கள் டாக்டர். என் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

துர்சுனாயின் நாற்பதாம் நாள் துக்க விருந்து முடிந்த வாரம் சபீரா என்னைத் தேடி வந்தாள்.

"வீட்டுல என்னை அடுப்புப் பக்கமே விடுறதில்லக்கா. காலையில நல்லா இருந்தவ என் சூப்பக் குடிச்சதும் போயிட்டாளாம். பொறாமையில எதையோ கலந்துட்டேன்னு மாமியார் சொல்றாங்க. அவ பிள்ளைங்ககூட என் கையால வாங்கித் திங்கமாட்டேங்குது. காலையிலேயே காய்ச்சல் இருந்துச்சுன்னு நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சக் கேப்பாங்க."

சொன்னால் வேலை போகும், வழக்கு வரும். அதற்குப் பயந்தேன் என்றால்கூடத் தேவலை. ஊரே என்னைக் கைராசிக்காரி என்கிறது. அந்தப் பேர் போய்விடுமே என்றுதான் பயந்தேன். தூ, நானும் ஒரு மனுஷி.

"தாள்ல 36.6ன்னுதாம்மா இருக்கு" என்றேன்.

அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் சூப்புதான் கொன்னுருச்சு போலக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அதுவரை அவள் அதை நம்பியிருக்கவில்லை.